பூனைக்கு எத்தனை வேளை சாப்பாடு?

சகோதரிகளே, இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்றைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கவலையும் வந்தது. ஒரு சகோதரி எழுதுகிறார்: "எங்கள் வீட்டுப் பூனை பொழுது விடிந்தால் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. பால் வைத்தால் குடித்துவிட்டு மறுபடியும் கத்துகிறது. 'வயிறு நிறையப் போட்டால் எலி பிடிக்காது, ஒரு வேளை போட்டால் போதும்' என்கிறார் மாமியார். என் பெண்ணோ தன் தட்டிலிருப்பதில் பாதியை அதற்குப் போட்டுவிடுகிறாள். எத்தனை வேளை, எவ்வளவு கொடுப்பது? விவரமாக எழுதுங்களேன்."

நான் டாக்டருக்குப் படித்தவளில்லை. பள்ளிப் படிப்போடு நின்றவள். ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் பூனை இல்லாத நாள் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஏதாவது வரும்போது கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய், அவர் அலுத்துக்கொள்ளும் வரை கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் மாமியார் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். பெரியவர்கள் எல்லோருமே இதைச் சொல்வார்கள். ஆனால் பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. வயிறு நிறைந்த பூனையும் எலியைக் கண்டால் பாயத்தான் செய்யும். தட்டில் தின்று கொண்டிருக்கும்போதே எலி ஓடினால், தட்டை விட்டுவிட்டு அதன் பின்னால் ஓடும். பட்டினி போட்ட பூனை நன்றாக எலி பிடிக்கும் என்பது, சாப்பாடு போடாத வேலைக்காரி நன்றாக வேலை செய்வாள் என்பது மாதிரி. பசியில் அது அடுத்த வீட்டு அடுக்களையில் நுழையும், குப்பைத் தொட்டியைக் கிளறும், அவ்வளவுதான்.

எத்தனை வேளை என்பதற்கு அதன் சுபாவத்தைப் பார்த்தால் பதில் தானாகக் கிடைக்கும். வீட்டுக்குள் வளராமல் தானே வேட்டையாடித் தின்கிற பூனைக்கு ஒரு சுண்டெலி என்பது சுமார் 30 கலோரி. நடுத்தரப் பூனை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 200 கலோரி வேண்டுமென்றால் ஏழெட்டு எலி பிடித்தாக வேண்டும். ஏழெட்டையும் ஒரே மூச்சில் தின்ன முடியுமா? இப்போது ஒன்று, விடியற்காலையில் ஒன்று, அந்தி சாயும் நேரத்தில் ஒன்று என்று, இரவும் பகலுமாக விட்டு விட்டுத்தான் தின்னும். அதனால் அதன் வயிறு சின்னது. கல்யாணச் சாப்பாடு மாதிரி ஒரே வேளையில் கொட்டினால் பாதியைத் தின்று வாந்தி எடுக்கும், அல்லது மீதியை எறும்புக்கு விட்டுவிடும்.

ஆகவே வளர்ந்த பூனைக்குக் குறைந்தது இரண்டு வேளை. மூன்று நான்காகப் பிரித்துக் கொடுக்க முடிந்தால் ரொம்ப நல்லது. வேளை கூடினால் அளவையும் கூட்டிவிடக் கூடாது. ஒரு நாள் அளவைத்தான் பிரிக்க வேண்டும். கடைசி வேளையை நாம் படுக்கப் போகுமுன் வைத்துவிட்டால், விடியற்காலை நாலு மணிக்கு நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து எழுப்புகிற வழக்கம் பெரும்பாலும் நின்றுவிடும்.

குட்டிகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. நாலு வாரம் வரை தாய்ப்பால்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூழ் போல நனைத்த உணவை நக்கப் பழக்கலாம். நாலு மாதம் வரை ஒரு நாளைக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அப்புறம் இரண்டு. குட்டி வளரும் பருவத்தில் அளவில் கஞ்சத்தனம் கூடாது. தாயில்லாத பச்சைக் குட்டி கிடைத்துவிட்டதென்றால், இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, ராத்திரியிலும் எழுந்து பால் கொடுக்க வேண்டும். பசும்பால் அதற்குப் போதாது. பூனைத் தாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் ஜாஸ்தி. பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் மருந்துக் கடைகளிலும் பிராணிகள் சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கிறது. கொடுக்குமுன் குட்டியின் உடம்பு கதகதப்பாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சில்லிட்டிருக்கும் குட்டிக்குப் பால் ஜீரணமாகாது. நம் குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்டாதீர்கள்; குப்புறப் படுத்த நிலையிலேயே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பால் நெஞ்சுக்குள் போய்விடும்.

பால் கொடுக்கும் தாய்ப் பூனை வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூடத் தின்னும். "பேய் பிடித்த மாதிரி தின்கிறதே" என்று தட்டைப் பிடுங்காதீர்கள். நாமும் பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்கள்தானே!

இனி, எவ்வளவு என்பதைவிட எது என்பதுதான் முக்கியம். இங்கேதான் நம் வீடுகளில் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. பூனை என்றாலே பால் என்று நமக்கு மனசில் பதிந்துவிட்டது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையும், சூடான பாலைக் குடித்து வாய் வெந்த தெனாலிராமன் பூனையும் அப்படி ஊறிப் போயிருக்கிறது. வாஸ்தவத்தில் வளர்ந்த பூனைகளில் அனேகத்துக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது. நாக்குக்குப் பிடித்திருப்பதால் குடித்துவிடும், அப்புறம் வயிற்றுப்போக்கு.

என் அத்தை கதையைச் சொன்னால் இது நன்றாக விளங்கும். அத்தை பாளையங்கோட்டையில் இருக்கிறார். சுத்த சைவம். மாமா தவறிய பிறகு அவருக்குத் துணை என்று இருப்பது சுந்தரி என்ற பூனை ஒன்றுதான். முன்பு இருந்தது பழைய ஓட்டு வீடு. பின்கட்டு, கிணற்றடி, விறகு அறை எல்லாம் உண்டு. நாலு வருஷத்துக்கு முன் அதை விற்றுவிட்டு, மகன் வாங்கிக் கொடுத்த இரண்டாம் மாடி ஃபிளாட்டுக்கு வந்துவிட்டார். சுந்தரியும் கூடவே வந்தது.

போன வருஷம் நான் போயிருந்தபோது, சாயங்கால வேளையில் சுந்தரி நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டதைப் பார்த்தேன். பட்டப் பகலிலும் அதன் கண்மணி கரிய வட்டமாக விரிந்தே இருந்தது. அக்கம்பக்கத்தில் "வயசாச்சில்லா" என்றார்களாம். ஆறு வயது பூனைக்கு என்ன வயசு! கூடையில் வைத்து டாக்டரிடம் தூக்கிப் போனோம். அவர் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பாடு கொடுக்கறீங்கம்மா?" என்று கேட்டார்.

அத்தை பெருமையாகச் சொன்னார்: "அதுக்கு என்ன கொறை வச்சேன் டாக்டர்? காலையில பால் சோறு, மத்தியானம் நெய் விட்டுப் பருப்புச் சோறு, ராத்திரி தயிர் சோறு. எனக்கு இல்லாட்டாலும் அதுக்கு வச்சிருவேன்."

டாக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பொறுமையாக விளக்கினார். டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. மனிதனும் நாயும் அதைத் தங்கள் உடம்பிலேயே பெருமளவு செய்துகொள்கிறார்கள். பூனையால் போதுமான அளவு செய்துகொள்ள முடியாது. இறைச்சி, மீன், எலி இவற்றிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அரிசி பருப்பில் இல்லை, பாலில் இருப்பது சொற்பம். அது இல்லாவிட்டால் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில், சத்தமில்லாமல் விழித்திரை கெட்டுப்போகும். இது 1975-லேயே தெரிந்துவிட்டதாம். அதே குறையால் இதயமும் பலூன் மாதிரி விரிந்து பலவீனமாகிவிடும் என்று 1987-ல் அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலிருந்த பால் பியன் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதற்கப்புறம்தான் அங்கே பொட்டல உணவு செய்யும் கம்பெனிகள் டாரினைக் கூடுதலாகச் சேர்க்க ஆரம்பித்தன. இதயம் நேரத்தோடு பார்த்தால் பெரும்பாலும் தேறிவிடும்; போன கண் திரும்பாது.

அத்தை விடவில்லை. "எங்க வீட்டுல எங்க அம்மா காலத்துல இருந்து பால் சோறுதான். ஒரு பூனைக்கும் கண்ணு போகலியே?"

நானும் அதையேதான் கேட்க நினைத்தேன். டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பூனையெல்லாம் உங்க பால் சோத்துல வாழலைம்மா. உங்க விறகு ரூம்ல இருந்த எலியிலயும் பல்லியிலயும் வாழ்ந்துச்சு. பால் சோறு அதுக்குத் தொட்டுக்கத்தான்."

எவ்வளவு பெரிய உண்மை பாருங்கள்! இதே சுந்தரியும் பழைய வீட்டில் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் மாடியில் எலி ஏது? ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்த வீட்டில், நாம் தட்டில் வைப்பதுதான் அதற்கு எல்லாம். கிராமத்து வீட்டுப் பழக்கத்தை அப்படியே ஃபிளாட்டுக்குக் கொண்டுவந்தால் பூனை பட்டினி கிடக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. ஏனென்றால் வயிறு நிறைந்துதான் இருக்கும்.

அத்தைக்கு அது ஒரு பெரிய தர்மசங்கடம். "ஏட்டி, என் வீட்டுக்குள்ள மீன் வாடையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் காலையில், "சைவமா இருக்கணும்னு நேந்துக்கிட்டது நான். அது நேந்துக்கலையே, பாவம். என்ன வாங்கணுமோ வாங்கிட்டு வா" என்றார். இப்போது பால்கனியில் சுந்தரிக்கென்று தனித் தட்டு, தனிக் கரண்டி, துடைக்கத் தனித் துணி. உலர்ந்த பொட்டல உணவில் சமைக்க வேண்டியதில்லை, வாடையும் அதிகமில்லை. பார்வை மேற்கொண்டு மோசமாகவில்லை, இதயமும் சரியாக இருக்கிறதாம். தட்டை அரை அடி நகர்த்தி வைத்தால் மட்டும் தேடும். அதனால் அத்தை தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதற்குள்ளேயே தட்டை வைக்கிறார்.

சைவ வீட்டுச் சகோதரிகளுக்கு நான் சொல்வது இதுதான்: பூனை வளர்ப்பதானால் அதற்குரியதைக் கொடுக்க மனசைத் தயார் செய்துகொண்டு வளருங்கள். முடியாதென்றால் முயலோ கிளியோ... கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம், அதை விடுங்கள். முட்டை கொடுத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். வேகவைத்த முட்டை நல்லதுதான், ஆனால் அதில் டாரின் மிகக் குறைவு. ஒரு முழு முட்டையே 70 கலோரிக்கு மேல், அதாவது பூனையின் ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. நாய்க்கு விற்கிற உணவையும் பூனைக்குப் போட்டு ஒப்பேற்ற முடியாது. பொட்டலம் வாங்கும்போது பூனைக்கானதுதானா, 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று போட்டிருக்கிறதா, டாரின் சேர்த்திருக்கிறதா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியுங்கள். தின்பண்டம் போல விற்கிற சின்னப் பாக்கெட்டுகள் முழு உணவு ஆகாது.

இப்போது அளவு. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு 200-லிருந்து 250 கலோரி போதும். நம் நாட்டுப் பூனைகள் பல 3 கிலோதான் இருக்கும். அதற்கு 160-லிருந்து 200. உலர்ந்த உணவு 100 கிராமில் சுமார் 350 முதல் 400 கலோரி வரை இருக்கிறது. ஆக, 3 கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு 45, 50 கிராம், 4 கிலோவுக்கு 55, 60 கிராம். மாதம் ஒன்றரைக் கிலோ, அவ்வளவுதான். கையால் அள்ளிப் போட்டால் இது நிச்சயம் இரண்டு மடங்காகிவிடும். மளிகைக் கடைத் தராசில் ஒரே ஒரு முறை 50 கிராம் நிறுத்து வாங்கி, ஒரு பழைய பிளாஸ்டிக் டம்ளரில் கொட்டி, எது வரை வருகிறதோ அங்கே நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அதற்கப்புறம் தராசே தேவையில்லை.

பூனையின் எடை தெரிய, அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். (உங்கள் எடையைப் பார்த்து வருகிற வருத்தத்துக்கு நான் பொறுப்பில்லை!) அதைவிடச் சுலபம், விலாவைத் தடவிப் பார்ப்பது. மெல்லத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு கூடிவிட்டது. கருத்தடை ஆபரேஷன் செய்த பூனைக்குத் தேவை கால் பங்கு குறையும், பசி மட்டும் கூடும். அப்போதுதான் கவனமாக இருக்க வேண்டும்.

கடிதம் எழுதிய சகோதரியின் பெண் மாதிரி, வீட்டில் ஆளாளுக்குக் கொடுப்பதுதான் பெரிய சங்கடம். ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. பூனைக்கு அது, நாம் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் மேலே நாலு இட்லி சாப்பிட்ட கணக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால் பூனைக்கு இனிப்பே தெரியாது! இனிப்பை அறிகிற உறுப்புக்கு வேண்டிய மரபணு பூனை இனத்தில் கெட்டுப்போயிருக்கிறது என்று 2005-ல் பிலடெல்பியாவிலுள்ள மோனெல் ஆராய்ச்சி நிலையத்தார் கண்டார்கள். பாயசத்தை அது நக்குவது பாலுக்காகவும் நெய்க்காகவும்தான். எங்கள் வீட்டில் நான் செய்வது: காலையில் அன்றைய அளவை ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவேன். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். டப்பா காலியானால் கடை மூடியாச்சு. என் சின்ன மகனே "அம்மா, கடை மூடிட்டாங்க" என்று பூனையிடம் போய்ச் சொல்லுவான்.

அசைவ வீடுகளில் மீனும் கோழியும் கொடுக்கலாம். உப்பு, மிளகாய், மசாலா இல்லாமல் வேகவைத்து, முள்ளும் எலும்பும் நீக்கி, வேகவைத்த தண்ணீரையும் சேர்த்துப் பிசைந்து கொடுங்கள். டாரின் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். குழம்பிலிருந்து எடுத்த மீன் துண்டு ஆகவே ஆகாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை அழித்துவிடும். பச்சை மீன் தினமும் கொடுத்தால் பி1 வைட்டமின் குறைந்து நரம்பு பாதிக்கும். பச்சைக் கறியும் வேண்டாம், முக்கியமாகக் கர்ப்பிணிப் பெண்கள் இருக்கும் வீட்டில். அதிலிருந்து பூனைக்குத் தொற்றும் கிருமி அதன் மலத்தின் வழியாக வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடும். பூனையின் மண் தொட்டியை அந்த மாதங்களில் வீட்டில் வேறு யாராவது சுத்தம் செய்யட்டும். மீனும் கோழியும் மட்டுமே கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து போதாது. முக்கால் பங்கு பொட்டல உணவு, கால் பங்கு வீட்டு மீன் என்று வைத்துக்கொள்வது எளிது. முழுக்க வீட்டிலேயே சமைக்க விரும்பினால் டாக்டரைக் கேட்டு அளவு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் தள்ளி, இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். பூனைக்குத் தாகம் குறைவு. கண்ணில் பட்டால்தான் குடிக்கும். உலர்ந்த உணவு மட்டும் தின்கிற பூனைக்கு இது ரொம்ப அவசியம். ஆண் பூனை மூத்திரம் வராமல் முக்கிக்கொண்டிருந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், அன்றே ஓடுங்கள். எறும்புக்குத் தட்டை ஒரு தாம்பாளத் தண்ணீரில் வைத்தால் சரியாகிவிடும். ஈரமான உணவை வெயில் காலத்தில் அரை மணிக்கு மேல் வெளியில் விடக் கூடாது.

இன்னொன்று முக்கியம். பூனை கொழுத்துவிட்டதென்று யாராவது சொன்னால் பட்டினி போட்டு இளைக்க வைக்கப் பார்க்காதீர்கள். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால், உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அளவை வாரா வாரம் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். அதே போல எந்தப் பூனையும் ஒரு முழு நாள் எதையும் தொடாமல் மூலையில் சுருண்டு கிடந்தால் "ஏதோ மந்தம்" என்று விட்டுவிடாதீர்கள். காய்ச்சல் என்று நினைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் மருந்தை ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது. பூனைக்கு அது விஷம்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நாலு நாள் சாப்பாட்டைக் குவித்து வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே பாதி காலியாகும், மீதியில் எறும்பு. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுக்கும்போது அந்தக் கோடு போட்ட டம்ளரையும் கொடுத்து, கோடு வரைதான் ஒரு நாளைக்கு, அதையும் காலை மாலை என்று பிரித்துத்தான் என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.